தகரத்துக்கு மேலே தெரிந்த சூரியன்

எனக்குச் சம்பளம் தருவது ஒன்றும் நடக்காத சூரியனைப் பார்ப்பதற்காக. இதை வெளியில் சொல்ல எனக்கு இன்றும் கொஞ்சம் கூச்சம்தான். கூடப் படித்தவர்கள் பாலம் கட்டுகிறார்கள், கணக்குத் தணிக்கை செய்கிறார்கள், வங்கியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கடனை மறுக்கிறார்கள். நான் சூரியனைப் பார்க்கிறேன். அதுவும் வெடித்துச் சிதறும் சூரியனை அல்ல. புள்ளி இல்லாமல், புயல் இல்லாமல் சும்மா கிடக்கும் சூரியனை. (எங்கள் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "பையனுக்குத் தஞ்சோங் ரம்புத்தான்ல ஒரு கட்டில் சொல்லி வைங்கலா" என்றார். பெரிய மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. ஈப்போ பக்கத்தில் பிறந்த யாரும் இந்தக் கிண்டலிலிருந்து தப்பியதில்லை.)

ஆனால் சும்மா கிடக்கும் சூரியனில் ஒரு வில்லங்கம் உண்டு. அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு குறையும் என்பது சமையலறைக்குள் போன எல்லாருக்கும் தெரியும். சூரியனுக்கு மட்டும் அது தெரியாது. அதன் மேற்பரப்பில் ஆறாயிரம் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் சூடு, மேலே உள்ள வளிமண்டலத்துக்குப் போனால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. புள்ளிகளும் புயல்களும் இல்லாத காலத்திலும் இதே கதைதான். அந்தச் சூட்டை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்? எங்கு பார்த்தாலும் வந்து வந்து மறையும் சின்னச் சின்ன மினுக்கங்களும், கீழிருந்து மேலே ஏறும் அலைகளும் கொடுக்கலாம் என்று சந்தேகம். சின்ன மினுக்கம் என்றால் ஈப்போ இருக்கும் நம் தீபகற்பம் முழுவதையும் உள்ளே போட்டு மூடிவிடலாம். சூரியனுக்கு அது சின்னது. அதைத் தேடுவதுதான் என் வேலை.

இவ்வளவையும் கேட்ட பிறகும் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்த ஒரே பெண் தர்ஷினி. ஈப்போவில் பல் மருத்துவர். அவளுடைய அப்பா கனகசபை, ஓய்வுபெற்ற நில அளவையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பியானோ இருந்தது. எங்கள் வீட்டில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய மூன்று தலைமுறை இருந்தது. அப்பா மட்டும் தோட்டம் விற்கப்பட்ட பிறகு சிம்பாங் பூலாய் கல்லுடைப்பில் லாரி ஓட்டினார். இரண்டு குடும்பமும் தமிழ்தான். ஆனால் அரசாங்க அலுவலகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாங்களுமாகவே இரண்டு கூட்டமும் பல காலம் சந்தித்துக்கொண்டிருந்தன.

கனகசபை அங்கிள் எங்கள் கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

"அப்பா வேண்டாம்னு சொல்லல," என்றாள் தர்ஷினி. "அந்தப் பெடியன் என்ன செய்யுறான் எண்டு எனக்கு விளங்கேல்லைங்கிறாரு. அது வேண்டாம்கிறத விட மோசம். வேண்டாம்னா சண்டை போடலாம். விளங்கலைன்னா என்ன செய்ய?"

என் அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது கோயில் செயலாளர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு மைக்கும் ஒரு பந்தியும் போதும் என்று நம்புகிறவர்.

"அவ்ளோதானா? திருவிழாவுக்குக் குடும்பத்தோட வரச் சொல்லு. நீ சூரியன எல்லார் முன்னாலயும் காட்டு. விளங்கிரும்."

"அப்பா, இப்ப சூரியன்ல ஒண்ணுமே நடக்காது. அமைதியான காலம்."

"நீ காட்டுறப்ப நடக்கும்லா."

அடுத்த ஒரு வாரம் கோயில் ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் தாமான் என்னும் எங்கள் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. நம்ம தோட்டத்துப் பிள்ளை, சூரியனுக்குள்ள என்ன நடக்குதுன்னு நேரடியா காட்டப் போறாரு, எல்லாரும் திரண்டு வாங்க. தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. கோயில் மட்டும் வீடுகளுக்கு நடுவில் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் அப்பாவுக்கு நாங்கள் எல்லாரும் இன்னும் தோட்டத்துப் பிள்ளைகள்தான்.

திருவிழா அன்று காலையில் பல்கலைக்கழகத் தொலைநோக்கியோடு போய் இறங்கினேன். சூரியனை மட்டுமே பார்க்கச் செய்யப்பட்ட சின்னத் தொலைநோக்கி அது. வடிகட்டி அதற்குள்ளேயே இருப்பதால் கண்ணுக்கு ஆபத்து இல்லை. சூரியன் அதில் சிவப்பாகத் தெரியும். அதில் ஒரு கேமரா, கேமராவிலிருந்து மடிக்கணினி, அங்கிருந்து கோயில் பந்தலில் வைத்திருந்த பெரிய தொலைக்காட்சி. எல்லாம் சரி. காற்றுதான் சரியில்லை. தொலைநோக்கி ஆடியது. காற்றுக்கு ஒதுக்கமாக ஓர் இடம் தேடினேன். பந்தலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நீளமாகத் தகரம் நிறுத்தி மறைத்திருந்தார்கள். கிழக்குப் பக்கம். தகரத்துக்கு மேலே சூரியன் அழகாகத் தெரிந்தது. தகரத்தின் அடியில் தொலைநோக்கியை நிறுத்தினேன். ஆட்டம் நின்றது.

எதற்காகத் தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கப் போகிறவன் போயும் போயும் தகரத்தைப் பற்றி விசாரிப்பானா? அந்தப் பக்கமிருந்து வெந்தயமும் பெருங்காயமும் கலந்த அருமையான வாசனை வந்தது. திருவிழாவென்றால் வாசனை வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கு தன் கடமையைச் செய்தது. அதற்கு மேலே இருக்க வேண்டியதுதான் அன்று விடுமுறையில் இருந்தது.

அபிஷேகம் முடிந்து கூட்டம் பந்தலுக்கு வந்தது. முதல் வரிசையில் கனகசபை அங்கிள். வெள்ளைச் சட்டை, மடித்த குடை, குடையின் பிடிமேல் இரண்டு கை. பக்கத்தில் தர்ஷினி. அப்பா எனக்கு மைக்கைக் கொடுத்துவிட்டு, பெண் வீட்டாருக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் தொலைநோக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்து நின்றேன்.

திரையில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. அவ்வளவுதான். புள்ளி இல்லை, கொழுந்து இல்லை. கழுவி வைத்த தட்டு போல இருந்தது. நான் அமைதியான சூரியனின் அருமையை விளக்கினேன். மக்கள் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

"தம்பி, படம் நின்னுருச்சு போல," என்றார் ஓர் அக்கா. "ரிமோட்ட ஒருக்கா அமுக்கிப் பாருங்களேன்."

"நிக்கலக்கா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சூரியன் அமைதியா இருக்கு."

"ஓ," என்றார். பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. தேநீர் எந்தப் பக்கம் என்று யாரோ கேட்டார்கள். அப்பா தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்னால் பார்த்தார். கனகசபை அங்கிள் அசையவில்லை. அவர் முகத்தில் 'விளங்கேல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதாக எனக்குப் பட்டது.

அப்போதுதான் சூரியன் கொதிக்க ஆரம்பித்தது.

முதலில் ஓரத்தில் மட்டும். வழவழவென்று இருந்த விளிம்பு நெளிந்தது, பொங்கியது, பிய்ந்து பிய்ந்து ஒட்டியது. பிறகு வட்டம் முழுக்க அலை அலையாக ஓடியது. அத்தனை வருடம் நான் படித்ததெல்லாம், நம்பியதெல்லாம் ஒரு பந்தல் தொலைக்காட்சியில், என் மாமனார் ஆக வேண்டியவரின் கண்ணெதிரே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்க," என்றேன் மைக்கில். "ஓரத்தப் பாருங்க. அமைதியான சூரியன்னு சொன்னேன்ல. அது அமைதியே இல்ல. சின்னச் சின்னதா எத்தனை கொந்தளிப்பு பாருங்க. இந்தச் சின்னக் கொந்தளிப்புதான் சூரியனோட காத்தையே சூடாக்குது. இத இவ்வளவு தெளிவா நானே பாத்ததில்ல."

(கடைசி வாக்கியம் முழு உண்மை. அவ்வளவு சின்னத் தொலைநோக்கியில் யாருமே பார்த்திருக்க முடியாது. அந்த ஒன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

தேநீருக்குப் போன கூட்டம் திரும்பி வந்தது. அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எங்கள் அம்மா ஒரு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போனார். கற்பூரத் தட்டோடு வந்தார். தொலைக்காட்சிக்கு மூன்று சுற்று தீபாராதனை காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வரிசையாகப் பத்துப் பேர் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் கைப்பேசியில் திரையைப் படம் பிடித்து என் பேராசிரியருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: இதை என் ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

கொஞ்ச நேரத்தில் கனகசபை அங்கிள் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் பந்தலுக்கு வெளியே போனார். கார் நிற்கும் பக்கம் போகிறார் என்று நினைத்தேன்.

சூரியன் சட்டென்று அடங்கியது. மறுபடி கொதித்தது. மறுபடி அடங்கியது.

சும்மா இருக்கலாம் அல்லவா? மைக் கையில் இருக்கும்போது எங்கள் குடும்பத்தில் யாரும் சும்மா இருந்ததில்லை. "சூரியனுக்கு ஒரு துடிப்பு இருக்கு," என்றேன். "மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கும். அதத்தான் இப்ப பாக்குறீங்க." சூரியனுக்கு அப்படி ஒரு துடிப்பு உண்டு என்பது உண்மை. அது சில கிலோமீட்டர் மேலும் கீழும் போகும் நுண்ணிய அசைவு. திரையில் தெரிந்ததோ சுளுக்கு விழுந்தவன் புரளுவது மாதிரி ஒரு காட்சி. அதற்கும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

அங்கிள் திரும்பி வந்தார். நேராக என்னிடம் வந்து, மைக்கைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"தம்பி, அந்தத் தகரத்துக்குப் பின்னால பெரிய அண்டாவில சாம்பார் கொதிக்குது. நான் அடுப்பை நிப்பாட்டச் சொன்னனான். எட்டிப் பாத்தன், உங்கட சூரியன் அடங்கினது. திரும்பப் பத்தவைக்கச் சொன்னனான். கொதிச்சது. சரி எண்டு இன்னொருக்காலும் செய்து பாத்தன்." அவர் குரலில் கிண்டலே இல்லை. "நிலம் அளக்கிற ஆக்களுக்கு இது பழக்கம். வெயிலில தார் ரோட்டுக்கு மேலால பாத்தா, தூரத்தில நிக்கிற அளவுகோல் இப்பிடித்தான் நெளியும்."

கையை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்விட்டார். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மைக் என் கையில். எதிரே அப்பாவின் முகம். அதில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் பட்டமளிப்பு விழாவில்கூட நான் பார்த்ததில்லை. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"சூரியன் இப்ப கொஞ்சம் ஓய்வெடுக்குது," என்றேன்.

அங்கிள் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலை முடிந்து வரைபடத்தைச் சுருட்டுகிறவர் மாதிரி பார்த்தார். போச்சு என்று தெரிந்தது.

அடுத்த கணம் சமையல்காரர் முனியாண்டி அண்ணே கரண்டியோடு பந்தலுக்குள் வந்தார். என் அருகில் வந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் புகார் சொல்லும் குரலில், திறந்திருந்த மைக்குக்கு நேரே சொன்னார்.

"தம்பி, அந்தப் பெரியவரு அடுப்ப நிறுத்து, பத்தவை, நிறுத்து, பத்தவைன்னு உசுர எடுக்குறாரு. ரொம்ப சூசாலா, ஒரே தொந்தரவு. சாம்பார் கெட்டுரும். ஒங்க சூரியன் ஆடணும்னா சொல்லுங்க, தனியா ஒரு பானையில தண்ணி வச்சுத் தாரேன்."

தாமான் முழுக்கக் கேட்டது. ஒலிபெருக்கியைக் குறை சொல்ல முடியாது. அப்பா நல்லதாகப் பார்த்து வாங்கியது.

ஒரு நொடி அமைதி. உண்மையான அமைதியான சூரியனை அப்போதுதான் உணர்ந்தேன். பிறகு பந்தல் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கோயில் அதற்கு முன் கேட்டிருக்காது. ரிமோட்டை அமுக்கச் சொன்ன அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கும்பிட்டவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அம்மா கற்பூரத் தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "பந்தி போட்டாச்சு," என்றார். "எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போகணும்." ஒரு வாரம் முழங்கிய குரல் அது. எனக்கு அழுகை வந்தது. சபையில் நான் அவமானப்பட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் குரல் இறங்கிப்போனதைத் தாங்க முடியவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனபோது நான் தகரத்தடியில் கருவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. பேராசிரியரின் பதில் வந்திருந்தது: "பக்கத்தில் யாராவது சமைக்கிறார்களா?"

பின்னால் குடை தரையைத் தட்டும் சத்தம். கனகசபை அங்கிள், சாப்பிட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி நின்றார்.

"ஏன் கழட்டுறீங்கள்? நான் இன்னும் சூரியனைப் பாக்கேல்லையே."

"அதுல பாக்க ஒண்ணுமில்ல அங்கிள். அடுப்பு நின்னா வெறும் வட்டம்தான்." பிறகு எப்படியோ அதையும் சொல்லிவிட்டேன். "ஓய்வெடுக்குதுன்னு சொன்னது தப்பு. பயத்துல சொல்லிட்டேன்."

"அது எனக்குத் தெரியும். அந்த வட்டத்தைக் காட்டுங்கோ."

கோயிலுக்கு எதிரே பழைய திடல் புல்வெளியாகக் கிடக்கிறது. அங்கே அடுப்பும் இல்லை, தகரமும் இல்லை. நான் தொலைநோக்கியைத் தூக்கினேன். முக்காலியைத் தூக்க ஆள் தேடித் திரும்பினால் அப்பா அதை ஏற்கனவே தோளில் வைத்திருந்தார். என்னோடு பேசவில்லை, ஆனாலும் தூக்கினார். அங்கிள் முக்காலியின் ஒவ்வொரு காலையும் செருப்பால் மிதித்து மண்ணில் இறக்கி, குனிந்து மட்டம் பார்த்தார். எத்தனையோ வருடம் செய்த பழக்கம். கேமராவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையைப் பொருத்திக் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்து வலிக்குமே என்று அப்பா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். தர்ஷினி குடையை விரித்து அவர் முதுகுக்கு நிழல் பிடித்தாள். நான் ஏதாவது விளக்கலாமா என்று வாயெடுத்தபோது அவள் என் காலை மிதித்தாள். அன்று எனக்குக் கிடைத்த நல்ல ஆலோசனை அதுதான்.

நெடுநேரம் கழித்து அங்கிள் தலையைத் தூக்காமலே கேட்டார். "இடப்பக்க ஓரத்தில ஒரு சின்னக் கீறல் மாதிரி இருக்கு. முதல் பாக்கேக்க இருக்கேல்லை. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?"

நான் பார்த்தேன். இருந்தது. விளிம்பில் ஒரு மெல்லிய சிவப்புக் கொழுந்து, கண்ணிமை முடி அளவுக்கு. நெளியவில்லை, பொங்கவில்லை. தன் பாட்டுக்கு நின்றது. "இருக்கு அங்கிள்," என்றேன். "நம்ம பூமியையே பக்கத்துல வச்சாலும் அது பெரிசா இருக்கும்."

"வாங்கோ, நீங்களும் வந்து பாருங்கோ," என்று அவர் அப்பாவைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியைக் கொடுத்தார். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லாரி டயரின் அடியில் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தெரியுது," என்றார். "ஆனா ஆட மாட்டேங்குதே."

"அது ஆடாதுப்பா. மெதுவா மாறும். கொஞ்ச நேரத்துல போயிரும்."

"இதயே காட்டியிருக்கலாம்லா?"

"இதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்கப்பா."

அப்பா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கிள் குடையை வாங்கி மடித்தார். "அப்ப, கனக்க நேரம் பாத்துக்கொண்டே இருக்கோணும். ஒண்டும் வராமலும் போகும்."

"ஆமா அங்கிள். அதான் வேலை."

"ம்," என்றார். "இப்ப விளங்குது."

எங்கள் கல்யாணத்துக்கு முனியாண்டி அண்ணேதான் சமையல். தாலி கட்டும் நேரத்தில் சமையல் பக்கமிருந்து, "மாப்பிள்ள கிட்ட கேளுங்க, அடுப்ப நிறுத்தவா வேணாமா" என்று குரல் வந்தது. இன்றைக்கும் எங்கள் கோயிலில் அடுப்பு மூட்டச் சொல்வதற்கு 'சூரியன ஏத்து' என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஏனென்றே தெரியாது. மாமனார் வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும், கார் இன்ஜினில் கோளாறு என்றாலும் சரி, மகளுக்குப் பல் முளைப்பதால்தான் காய்ச்சல் என்றாலும் சரி, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "அடுப்பை நிப்பாட்டிப் பாத்தனீரோ?"

போன வருடம், அமைதியான சூரியனின் சின்ன மினுக்கங்களைப் பற்றி நாங்கள் சில பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஏற்கப்பட்டது. முதலில் மாமாவுக்குத்தான் தொலைபேசியில் சொன்னேன். அவர் வழக்கமான அடுப்புக் கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன்: "பாத்துட்டேன் மாமா. தெரிஞ்ச எல்லா அடுப்பையும் நிறுத்திப் பாத்தோம். அப்பவும் மினுங்குது." மறுமுனையில் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சந்தோசம்," என்றார்.

அப்பாவுக்குத் திருவிழாவில் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அப்ப சாம்பார் இல்லையா?"

"இல்லப்பா."

"நெசமாவே சூரியன்தானா?"

"நெசமாவே."

அவர் முகத்தில் சின்ன ஏமாற்றம் ஓடியதைப் பார்த்தேன். அந்த நேரம் தாமானுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் தட்டோடு வந்தார். அப்பா என் தோளில் கை போட்டு, "இவன்தான் என் மகன், சூரியன் ஆராய்ச்சி. ஒரு தடவ இங்க என்னாச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். நான் நின்று கேட்டேன். அவருடைய கதையில் அண்டாக்கள் பெருகிவிட்டன. அம்மா தொலைக்காட்சிக்கு மாலையே போட்டுவிட்டார். வந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று அப்பா காத்திருந்தார்.

"ஆனா இப்ப நெசமாவே ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான்," என்றார். குரல் இறங்கியிருந்தது, இந்தத் தடவை வேறு விதமாக. "சின்னதுதான். ஆடாது, கை தட்டல்லாம் முடியாது. கனக்க நேரம் பாக்கணும்."

எங்கள் தோட்டத்தில் யாரும் 'கனக்க' என்று சொல்வதில்லை, 'ரொம்ப' என்போம். அந்தச் சொல்லை அவர் அன்று திடலில் எந்த நாற்காலியிலிருந்து எழுந்தபோது கையோடு கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியும்.